வளைவில் இறங்கிக்கொள்ளவும்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெர்மாமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி திரும்பிப் பார்த்து, "இப்ப முப்பத்தாறு" என்பார். கூப்பிட்டவர் மணி கேட்க வந்திருப்பார்.

மாமா ஆட்டோ ஓட்டுகிறார். பழைய பெட்ரோல் வண்டி. கடைத்தெருவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறுகிற மேட்டுச் சாலைதான் அவருடைய ராஜ்ஜியம். அந்தச் சாலை பாதி வரைக்கும் மரியாதையாக ஏறும். தையல்கடை வளைவு வந்ததும் குணம் மாறி, சுவர் மாதிரி நிமிர்ந்துவிடும். மற்ற ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. மாமாவும் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. என் வீடு அதற்குப் பக்கத்து வீடு. இந்தக் கதையில் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தப் பக்கத்து வீடுதான் காரணம்.

மாமாவின் சித்தாந்தம் இதுதான். ஒருமுறை முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவருக்கு அவர் விளக்கினதை அப்படியே சொல்கிறேன்.

"இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடிக்கிறதில்ல சார், காத்தையும் குடிக்குது. காலையில காத்து கெட்டிப் பால் மாதிரி இருக்கும். ஒரு மடக்கு குடிச்சாலே தெம்பு. வெயில் ஏற ஏற அதே காத்து விரிஞ்சுபோய் தண்ணிப் பால் ஆயிடும். மடக்கு அதே மடக்குதான், உள்ள சத்து இல்ல. சத்து இல்லாம எப்படி மேடு ஏறும்? நீங்களே சொல்லுங்க."

அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு முனகினார். பல்வலிக்காகப் போய்க்கொண்டிருந்தவர்.

மாமா சொல்வது பொய் இல்லை. கடைத்தெரு மெக்கானிக்கும் ஒத்துக்கொள்கிறார். "வெயில்ல கொஞ்சம் சக்தி கொறையும், வாஸ்தவம்தான். புது வண்டிக்கு அது கொசுக்கடி. உங்க மாமா வண்டி காலையிலயே தத்தித் தடுமாறித்தான் ஏறுது. அந்தக் கொஞ்சமும் போச்சுன்னா அங்கயே உக்காந்துக்கும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் சரியாகிவிடுமே என்று மாமாவிடம் கேட்டேன். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, காத்துதான் சரியில்ல" என்றார்.

ஆகவே வண்டியின் பின்பக்கம் அவரே பெயின்ட் வாங்கி எழுதி வைத்தார்:

காலை: மூவர்.
மதியம்: இருவர்.
உச்சி வெயில்: ஒருவர், அவரும் ஒல்லி.
மற்றவர்கள் வளைவில் இறங்கிக்கொள்ளவும்.

இறங்குகிறவர்கள் மீதி மேட்டை நடந்து ஏற வேண்டும். யார் இறங்குவது என்பதை மாமா முடிவு செய்வார். ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், எடை எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். தராசு தோற்றுவிடும். அதையாவது மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். மனிதர் சத்தமாகச் சொல்வார். "மேடம், நீங்க எழுபத்திரண்டு, இவங்க அம்பத்தஞ்சு. நீங்க இறங்கிக்குங்க." நடுத்தெருவில் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு எந்த மேடம் மறுநாள் வண்டியில் ஏறுவார்?

எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் எண்பத்தாறு. ஏறும்போதே இறங்க வேண்டிய ஆள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கையில் பையோடு, எத்தனை வெயிலில் அந்த மேட்டில் ஏறியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். மாமா மேலே போய்ச் சேர்ந்து, நான் வருவதற்குள் கை கால் கழுவி, நிழலில் நின்று, "என்ன மச்சான், லேட்டு?" என்பார்.

எல்லார் எடையும் தெரிந்த மனிதரிடம், "உங்க எடை எவ்வளவு மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். அவரும் லேசான ஆள் இல்லை. தொப்பை முதலில் வந்து, மாமா பிறகு வருவார்.

"டிரைவர் எடையைக் கம்பெனிக்காரன் முதல்லயே கழிச்சிருப்பான்டா" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

முதன்முதலில் அவர் வண்டியில் மாட்டியது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். அது உதறினால் ஒழிய இறங்காது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் அது நாற்பத்திரண்டைத் தொட்டு நின்றது. அன்று சாயங்காலமும் நாற்பத்திரண்டு, மறுநாள் விடியற்காலையும் நாற்பத்திரண்டு. மழை கொட்டியபோதும் நாற்பத்திரண்டு. அந்த வாரம் முழுக்க ஊரே அந்த மேட்டை நடந்து ஏறியது. குடை பிடித்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க வளைவில் இறங்கின ஒருவர், "இதுவாப்பா உச்சி வெயில்?" என்று கேட்டாராம். "மீட்டர் பொய் சொல்லாது சார்" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார். கடைசியில் அக்காதான் அதைப் பிடுங்கி இரண்டு உதறு உதறினாள். பிறகு, மூடிப்போன ஒரு கோழிப்பண்ணையிலிருந்து சுவரில் மாட்டுகிற மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். குஞ்சு பொரித்துப் பழகினது, தப்பே சொல்லாது என்று அதற்கு நற்சான்று வேறு.

குளிர்காலத்திலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. குளிர்ந்த காற்றில் தெம்பு இருக்கிறது, ஆனால் குளிர்ந்த பெட்ரோலுக்குத் தூக்கம் கலையாது. காலையில் வண்டி கிளம்பவே கிளம்பாது. பயணிகள் தள்ள வேண்டும். அக்காவின் ஸ்வெட்டரை எடுத்து இன்ஜினுக்குப் போர்த்திவிட்டு, அக்காவைப் பார்த்து "உனக்குத்தான் அடுப்படி இருக்கே" என்ற மனிதர் அவர். வெயில்காலத்தில் வீட்டில் இருந்த ஒரே மேசை மின்விசிறி ஆட்டோவுக்குப் போய்விடும். வெயிலில் நடந்து, குளிரில் தள்ளி, நடுவில் கொஞ்சநாள் மட்டும் உட்கார்ந்து போகலாம். அக்கா கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அந்த வண்டியில் ஏறினாள். வளைவில் இறக்கிவிட்டார். அன்றோடு சரி.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துப்போகலாம். ஆனால் என் அக்கா மகள் கல்யாணப் பேச்சு எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு முதலில் ஒரு வரன் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அத்தை பெண் பார்க்க வந்தார். மாமா ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். வளைவில் நிறுத்தி, "அம்மா, நீங்க எழுபத்தெட்டு. மீட்டர் முப்பத்தெட்டு. கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்றார். அந்த அம்மா இறங்கினார். மேலே ஏறாமல் கீழே நடந்து, பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த இடம் அத்தோடு போனது. அக்கா மகளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அவள் மனதில் வேறு ஒருவன் இருந்தான். அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன். இப்போது அவன் வீட்டில் பெண் பார்க்கச் சம்மதித்து, பையனின் அப்பாவும் அம்மாவும் மட்டும் முதலில் வந்து பேசுவதாக ஏற்பாடு. கண்டிப்பான குடும்பம். பையனின் அம்மா மாணவிகள் விடுதியில் வார்டனாக இருந்தவர். "வீட்டையும் மனுஷங்களையும் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்" என்று சொல்லியிருந்தார். அவருக்கு முட்டிவலி. படி ஏறவே யோசிப்பார். இன்னொரு விஷயமும் உண்டு. போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் மாமாவின் உதடுகள் தானாக அசைந்தன. "தொண்ணூறு" என்றார்.

அக்கா மகள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, வேற ஆட்டோவுல கூட்டிட்டு வரலாம்."

"சம்பந்தி வீட்டுக்காரங்களை அடுத்தவன் வண்டியில ஏத்தினா என் மானம் என்ன ஆகும்?"

"அப்ப அவங்களை இறக்காம கொண்டுவந்து சேர்க்கணும். இந்தத் தடவையும் யாரையாவது வளைவுல இறக்கினே, அப்புறம் என் கல்யாணத்தைப் பத்தி இந்த வீட்ல யாரும் பேசக் கூடாது. அவன்தான் எனக்கு வேணும். தெரியுதா?"

மாமாவுக்கு மகள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை பெட்ரோல் பங்க் வரைக்கும் அவள் கையில் கொடுப்பார். வேறு யாரும் அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சேர்க்கிறேன்மா" என்றார். அவர்கள் வரும் பஸ்ஸோ சரியாக உச்சி வெயிலில் வந்து நிற்கிற பஸ்.

மனிதர் சும்மா இருப்பாரா? ஊரின் காற்றைக் குளிர்விக்க முடியாது, தன் வண்டி குடிக்கிற காற்றையாவது குளிர்விக்கலாம் என்று முடிவு செய்தார். மீன்கடையில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி வாங்கினார். அதை ஐஸ் கட்டிகளால் நிரப்பி, சீட்டுக்குப் பின்னால் வைத்தார். காற்று பெட்டிக்குள் நுழைந்து, ஐஸைத் தடவிக்கொண்டு, ஒரு குழாய் வழியாக இன்ஜினுக்குப் போக வேண்டும். அந்தக் குழாயை எங்கே பிடித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சம்பந்திகள் வருகிறார்கள் என்று அக்கா திரைச்சீலைகளை வாஷிங் மெஷினில் போட்டாள். தண்ணீர் வெளியே போகிற குழாய் இல்லாமல் சமையலறை முழுக்க நுரை. அக்கா கத்தியது வளைவு வரைக்கும் கேட்டதாகத் தையல்கடைக்காரம்மா சொன்னார்.

பெட்டியைப் பிடித்துக்கொள்ள என்னையும் மாமா பஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாமா, இந்தப் பெட்டி எத்தனை கிலோ?" என்று கேட்டேன்.

"அது பயணி இல்லடா."

பஸ் வரத் தாமதமானது. "இன்ஜின் குளுகுளுன்னு பழகட்டும்" என்று மாமா வண்டியை அணைக்காமல் உறும விட்டிருந்தார். ஊரே வெந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டி மட்டும் மலைவாசஸ்தலத்துக்குப் போன மாதிரி சுகமாக நின்றது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோழிப்பண்ணை மீட்டரைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "எட்டுடா மச்சான்! எட்டு!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பஸ் வந்தது. சம்பந்தி தீக்குச்சி மாதிரி இருந்தார். அவர் மனைவி இறங்கியதும் பஸ் ஒரு விரல்கடை உயர்ந்தது. நான் மாமாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி, வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் மாமாவின் சீட்டு ஓரத்தில் தொற்றிக்கொண்டேன்.

"கால்ல ஜில்லுன்னு தண்ணி ஒழுகுதே?" என்றார் அந்த அம்மா.

"ஏசிம்மா" என்றார் மாமா.

கடைத்தெரு தாண்டும்போதே வண்டி இருமியது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. ஒரு உறுமல், ஒரு விக்கல், பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. சொல்லிவைத்த மாதிரி தையல்கடை வளைவில் வந்து நின்றுவிட்டது. வழக்கப்படி நான் யாரும் சொல்லாமலே இறங்கினேன்.

மாமா பின்மூடியைத் திறந்தார். திறந்தவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டரின் மேல் வெள்ளை வெளேரென்று பனி படிந்திருந்தது. எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது. சாலையில் தார் உருகுகிறது. அங்கே பனி! ஐஸ் பெட்டியின் ஈரக் காற்றை அவ்வளவு நேரம் குடித்துக் குடித்து உள்ளேயும் உறைந்து தொண்டை அடைத்துவிட்டது.

"வாழ்நாள் முழுக்கக் குளிர் குளிர்னு கேட்டேன்டா. இப்படியா கொடுக்கணும்?" என்றார் மாமா. சீட்டில் இருந்த அந்த அம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, "ரிப்பேரா?" என்று கேட்டார். விடுதியில் லேட்டாக வந்த பெண்ணைக் கேட்கிற குரல்.

வண்டிச் சத்தம் வளைவோடு நின்றுபோனதை மேலேயிருந்து கேட்ட அக்கா மகள், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. குழாயைப் பிடுங்கிப் போட்டாள். கார்புரேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இதுக்கு ஜலதோஷம்" என்றாள். தையல்கடைக்காரம்மா துணியைச் சூடாகத் தேய்த்துத் தேய்த்துக் கொடுக்க, அதை அவள் ஒத்தடம் மாதிரி வைத்தாள். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கடைக்குள் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதுவும் ஒரு ஆள் எடை இருந்தது. பனி உருகி வழிந்தது. மாமா ஏறி உட்கார்ந்து இரண்டு இழுப்பு இழுத்ததும் வண்டி கிளம்பியது.

கிளம்பியது சரி. ஆனால் இப்போது குடிப்பது பழைய தண்ணிப் பால் காற்று. எதிரே சுவர் மாதிரி மேடு. மாமாவின் கண் தானாக மீட்டருக்குப் போனது, மீட்டரிலிருந்து பின் சீட்டுக்குப் போனது. தையல் மெஷின் சத்தம் நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வார்த்தை அவர் தொண்டையில் ஏறி வருவது தெரிந்தது.

"நான் இறங்கணுமா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. முட்டியில் கை வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. கண்டிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது.

"தொண்..." என்றார் மாமா.

"அப்பா!" என்றாள் மகள். "நீ எத்தனை கிலோ?"

என்னைத் தவிர யாரும் இதுவரை அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"டிரைவர் எடையைக் கம்பெனிக்காரன்..."

"எண்பத்தொம்பது" என்றார் தையல்கடைக்காரம்மா. "போன மாசம் பேன்ட் தைக்க அளவெடுத்தேன். இத்தனை வருஷமா உங்களைப் பாத்துப் பாத்து எனக்கும் கணக்கு வந்துடுச்சு."

"நான் அம்பதுகூட இல்ல" என்றாள் மகள். "இறங்குப்பா."

மாமா கைப்பிடியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு இறங்கினார். எடைக்காக வளைவில் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. அவள் ஏறி உட்கார்ந்து, "நல்லாப் பிடிச்சுக்குங்க அத்தே" என்று சொல்லி, முதல் கியரைப் போட்டாள். வண்டி முனகியது, நடுங்கியது, நிற்கப்போவது போல் பாவனை காட்டியது. நிற்கவில்லை. ஏறியது. அந்த அம்மா பக்கவாட்டில் தலையை நீட்டி, "விடாதடி! விடாத!" என்று கத்துவது கீழே வரைக்கும் கேட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் வண்டி திரும்பி மறைந்தது.

தையல்கடைக்காரம்மா மாமாவிடம் ஐஸ் போட்ட தண்ணீரை நீட்டினார். "முதல் தடவை நடக்குறீங்க. மெதுவாப் போங்க, மூச்சு வாங்கும்."

நாங்கள் நடந்தோம். எனக்குப் பழகின பாதை. எந்தச் சுவரில் நிழல் விழும், எந்தக் கல்லில் உட்காரலாம் என்பதெல்லாம் தெரியும். பாதி வழியில் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"மச்சான்... காத்து ரொம்ப லேசா இருக்குடா. எவ்வளவு இழுத்தாலும் பத்தல."

"இத்தனை வருஷமா நாங்க இதைத்தான் மாமா குடிச்சுட்டு ஏறினோம்."

"யாருமே சொல்லலியேடா" என்றார்.

"எல்லாரும்தான் சொன்னோம். நான் சொன்னேன், அக்கா சொன்னா. தெருவே திட்டிச்சு. உங்க காதுல இன்ஜின் சத்தம் மட்டும்தானே விழும்."

மாமா அழுதுவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அவர்மேல் எத்தனையோ நாள் மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கிறது, அன்று ஒரு சொட்டுகூட இல்லை. கையைப் பிடித்து அந்த நிழல் கல்லில் உட்கார வைத்தேன். "உன் அக்காவைக்கூட இறக்கிவிட்டேனே" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்குப் போனபோது சம்பந்தியம்மா மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். ஆட்டோவின் விசிறிதான், அக்கா பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். மாமா தலைகுனிந்து வாசலில் நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க" என்றார் அந்த அம்மா. "எங்க வீடும் மேட்டுலதான் இருக்கு. என் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. உங்க பொண்ணைத் தவிர வேற யாரை நான் கூட்டிட்டுப் போறது?"

அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது அந்த வீட்டு மேட்டில் அவள்தான் எல்லோரையும் ஏற்றி இறக்குகிறாள் என்று கேள்வி.

இங்கே மாமா வண்டியின் பின்பக்கத்தில் கடைசி வரிக்கு அடியில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: டிரைவர் உட்பட. உச்சி வெயிலில் வளைவு வந்ததும் அவரே முதலில் இறங்கிவிடுகிறார். அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒல்லியான ஆள், வண்டியில் அவள் இருப்பதே தெரியாது. வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தையல்கடைக்கு வந்து காத்திருந்து, வளைவிலிருந்து மேலே அவள்தான் ஓட்டுகிறாள். மேடு ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், மகாராணி தோற்றாள். அப்படியும் யாராவது இறங்க வேண்டி வந்தால், மாமா ஒரு பெரிய குடையை விரித்து, அவருக்குப் பிடித்துக்கொண்டு மேலே வரைக்கும் கூடவே நடக்கிறார். எந்த நிழலில் நிற்கலாம் என்று இப்போது அவருக்கும் தெரியும்.

எடை சொல்கிற புத்தி மட்டும் போகவில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் வளைவில் நானும் ஒரு டீச்சரும் இறங்கினோம். மாமா குடையோடு ஓடி வந்தார். ஆசையாக அதற்குள் தலையை நுழைத்தேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"மச்சான், நீ இப்ப எண்பத்தெட்டு. குடை தாங்காது. வெளிய வா."